ஊசி, தூசி

செவ்வாய்க்கிழமை. சீனி வருத்தக் கிளினிக்.
சீனன்குடாவிலிருந்து முதல் பஸ்ஸில்
வெறும் வயிற்றோடு வந்து
நம்பர் துண்டு எடுத்தேன்: நாற்பத்தொன்று.
வெளியே மதிலோரம் ஒரு மான்
போன கிழமையின் நம்பர்களை
மென்றுகொண்டு நின்றது.

எட்டு வருசமாய் என் வயிற்றில்
நேற்றுத் தொப்புளுக்கு இடம், இண்டைக்கு வலம்,
கறுத்துத் தடித்த இடங்களை விட்டு
ஊசிக்குக் காணி தேடுகிறேன்.
கலியாண வீடுகளில், பந்தி தொடங்க முன்,
கக்கூசுக்குள் நின்று
சேட்டைத் தூக்கிப் பல்லால் கடித்தபடி...
அதையெல்லாம் ஏன் சொல்கிறேன்.

டொக்டர் பிள்ளை புதுசு. வாழைச்சேனைப் பக்கம்.
“வேற நாடுகளில் இப்ப
இன்சுலினைத் தூளாய் இழுக்கிறாங்க, ஐயா.
விசிலளவு ஒரு சாமான்.
சாப்பிடக் குந்தினதும் ஒரு இழுவை.
நெஞ்சுக்குள்ள போய் அப்பிடியே இரத்தத்தில கலக்கும்.
குத்தத் தேவையில்லை.”

ஊசிக்கு முன்னால் ஒரு த் வந்து ஒட்டினால்
தூசி.
சிரித்துவிட்டேன். அவள் ஏனென்று கேட்டாள்.

இருபத்தாறு வருசம், பிள்ளை,
மா ஆலையில் மூட்டை வாய் தைத்தவன் நான்.
கண்ணிமை வெள்ளை, காதுத்துளை வெள்ளை,
மழை நாளில் வீட்டுக்குப் போனால்
கழுத்து மடிப்பில் பசை.
இழுக்கச் சொல்லித் தர வேண்டாம் எனக்கு.
இழுத்ததற்குத்தான் சம்பளம்.

அவள் சிரிக்கவில்லை.
ஒரு குழாயைக் கையில் தந்தாள்.
“ஊதுங்க. இன்னும், இன்னும்,
விட்டிராதீங்க, இன்னும்...”
திரையில் என் மூச்சின் கோடு
கொஞ்சம் எழும்பி,
உள்துறைமுகத்துத் தண்ணீர் மாதிரி
அலையில்லாமல் படுத்துக்கொண்டது.

“இங்க வந்தாலும் உங்களுக்குச் சரிவராது, ஐயா.
இழுப்பு இருக்கிற நெஞ்சுக்கு
அதைக் குடுக்க மாட்டாங்க.”
இன்னும் வராத ஒரு மருந்தை
இப்படித்தான் பறிகொடுத்தேன்.
கவலைப்படவும் வெட்கமாய் இருந்தது.

பிளாஸ்க்கில் ஐஸ், ஐஸுக்குள் போத்தல்,
திரும்பி வருகிற வழியில்
இறங்குதுறையில் ஒரு தானியக் கப்பல்,
அதற்கு மேலே வெள்ளையாய்
ஒரு புகாரோ, என்னவோ.

இரவு பத்மலோசனி ரொட்டி சுட்டாள்.
மூன்று. அதே மா.
மூக்கால் போனது போக
வாயால் போக வருவது.
பன்னிரண்டு யூனிட், வலப்பக்கம்.
சேட்டைப் பல்லால் கடித்தேன்.
ஊசி இறங்கும்போது
மூச்சைப் பிடிப்பது என் பழக்கம்.
பிடித்தேன்,
இருக்கிற மூச்சை.