இன்று ஏதாவது நடந்ததா

செவ்வாய், வியாழன், சனி.
நாலு மணி நேரம் என் இடது கை இயந்திரத்தின் கை.
ஒற்றைக் கையால் பக்கம் புரட்டப் பழகிவிட்டேன்,
மோவாயால் அழுத்தி, கட்டைவிரலால் தள்ளி.
சில சமயம் இரண்டு தாள் சேர்ந்து போய்விடும்.
இந்த நாவலில் அது தெரியவே இல்லை என்பதுதான்
எனக்கு வந்த முதல் எரிச்சல்.

யாத்விகா ஒரு சின்ன ஊரின் மருந்துக்கடைக்காரி.
ஐம்பத்து மூன்று வயது. செருப்பு அளவு முப்பத்தொன்பது,
அதைச் சொல்லவே அரைப் பக்கம்.
ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குத் தம்பியை
அழைப்பதா வேண்டாமா என்று யோசிக்கிறாள்.
நாற்பதாம் பக்கத்தில் யோசிக்கத் தொடங்கினாள்;
நான் நூற்றுப் பத்தில் இருக்கிறேன்.
நடுவில் ஒரு அலமாரிக்கு வெள்ளை அடித்தாள்.
அது காயும்வரை என்னையும் காக்க வைத்தார் ஆசிரியர்.

பக்கத்துக் கட்டிலில் ஸெனோன்.
க்டீனியா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்,
முப்பது டன் பெட்டி அந்தரத்தில் ஆடுவதைத் தவிர
வேறெதையும் சம்பவம் என்று ஒப்புக்கொள்ளாதவர்.
"இன்று ஏதாவது நடந்ததா?"
"போனை எடுத்தாள்."
"அப்புறம்?"
"வைத்துவிட்டாள்."
அவர் சிரித்தால் அவருடைய இயந்திரம் அலறும்.
போக்னா ஓடி வந்து குழாயைச் சரி செய்து
இருவரையும் முறைத்துவிட்டுப் போவாள்.

இருபத்தாறு வருஷம் ட்ராலி பஸ் ஓட்டினேன்.
கம்பி போகிற வழியில்தான் வண்டி போகும்.
ஆனாலும் கதவு திறக்கும்போது உள்ளே வந்த காற்று
இரண்டு நாள் ஒன்றுபோல் இருந்ததில்லை.
இதை அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். தூங்கிவிட்டார்.

பிப்ரவரியில், ஜன்னலுக்கு வெளியே
பனியா மழையா என்று தீர்மானிக்காத ஒன்று பெய்தபோது,
யாத்விகா உருளைக்கிழங்கை எண்ணினாள்.
நான்கு. தனக்கு இரண்டு போதும்.
அங்கே புத்தகத்தை மூடினேன்.
எனக்கு உருளைக்கிழங்கு ஆகாது என்று
மருத்துவர் சொல்லியிருக்கிறார்,
அதனால் என்று வைத்துக்கொள்ளலாம்.
ஷ்செச்சினில் இருக்கும் என் தங்கையைப் பற்றி
இங்கே எதுவும் சொல்லப்போவதில்லை.

இந்த அறையில் நடப்பது என்றால்
அழுத்தம் சரிவது, திரையை இழுப்பது,
மறுநாள் கட்டிலடியில் வேறு ஒருவரின் செருப்பு.
ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதிக்கொள்ளத்தான்
மணிக்கொரு தரம் போக்னா பேனாவோடு வருகிறாள்.
ரத்தம் வெளியே போய், ஒரு சுற்று சுற்றி,
வீட்டுக்குத் திரும்புகிறது.
யாத்விகா அலமாரிக்கு இரண்டாம் பூச்சு தொடங்குகிறாள்.
காயட்டும் என்றேன், முதல்முறையாக.

ஏப்ரலில் ஸெனோனைக் காலை முறைக்கு மாற்றினார்கள்.
நான் வரும்போது விரிப்பை மாற்றியிருப்பார்கள்.
இரண்டு வாரம் கழித்து, ஊசியைச் செருகிக்கொண்டே,
என் முகத்தைப் பார்க்காமல் போக்னா சொன்னாள்:
"கேட்கச் சொன்னார். அழைத்துவிட்டாளா?"

வெள்ளிக்கிழமையே நாவலை முடித்திருந்தேன்.
கடைசிப் பக்கத்தில் என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியும்.
"இன்னும் இல்லை," என்றேன்.
"யோசிக்கிறாள் என்று சொல்."

சனிக்கிழமை பதில் வந்தது.
நல்லதாம், அவசரப்படுத்த வேண்டாமாம்.
ஆனால் தம்பிக்குப் பிடிக்காத சூப் எது,
அதை அவள் மறந்து வைத்துவிடக் கூடாது,
பார்த்துச் சொல்லவும்.

அப்படி எதையும் நான் படித்த நினைவில்லை.
முதல் பக்கத்திலிருந்து தேடுகிறேன்,
மோவாயால் அழுத்தி, ஒவ்வொரு தாளாக.
சேர்ந்து போன தாள்களுக்கு நடுவில்
எங்காவது இருக்கக்கூடும்.