எந்தத் தெரு?

அப்பாவின் பூட்ஸ் பதினோரு வருஷம்
வாசற்கதவருகே இருந்தது.
நினைத்து அழுவதற்கு இல்லை.
மீட்டர் பார்க்க வருகிறவன்
உள்ளே ஓர் ஆண்பிள்ளை தூங்குவதாக நினைக்கட்டும் என்பாள்.
ஜனவரியில் அதன்மேல் கொஞ்சம் பனி தூவி வைப்பாள்,
இப்போதுதான் வந்தவர் போல.

தானியக் கிடங்கில் கோதுமை சரிந்து அவர் புதைந்தபோது
எனக்கு ஒன்பது, ரோமனுக்கு நான்கு.
அடுத்த வசந்தத்தில்
யூஸ்தினா ஹ்ரிஷ்கோ ஊர்மன்றத் தேர்தலில் நின்றாள்.
கிடங்கு ஏணிக்குக் கைப்பிடி வேண்டும்.
அது தவிர அவளிடம் வேறு கொள்கை இல்லை.
பதினேழு ஓட்டில் ஜெயித்தாள்.
கைப்பிடி நான்கு மாதத்தில் வந்துவிட்டது.
அவள்தான் திரும்பி வர
இருபத்தாறு வருஷம் ஆயிற்று.

எங்கள் டெலிபோன் வயர் அடுப்புவரை எட்டும்.
ஒரு கையால் பீட்ரூட் சூப்பைக் கிளறிக்கொண்டே
அடைத்துக்கொண்ட சாக்கடையை விசாரிப்பாள்.
"எந்தத் தெரு?"
யாராயிருந்தாலும் முதல் கேள்வி அதுதான்.
பெயரெல்லாம் பிறகு.

மன்றம் தந்த மாதம் அறுபது டாலர்
ரோமனின் பல்லுக்குக் கம்பியாயிற்று.
கூட்டம் முடிந்து வரும்போது
கோட்டின் ஒரு பையில் தீர்மான நகல்,
மறு பையில் காகிதத்தில் சுற்றிய மூன்று பிஸ்கட்.
ஒன்று எப்படியும் உடைந்திருக்கும்.
அது அவளுக்கு.

கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு
பன்னிரண்டு பதார்த்தம் வைத்து
இறந்தவருக்கும் ஒரு தட்டு போடுவது எங்கள் வழக்கம்.
ஒரு வருஷம் அப்பாவின் தட்டு நிறைந்திருந்தபோது மணி அடித்தது.
பெல்டியர் வீட்டில் ஹீட்டர் நின்றுவிட்டது.
வெளியே மைனஸ் முப்பத்துநாலு.
தட்டை அப்படியே துணியில் முடிந்துகொண்டாள்.
"அவர் ஒன்றும் சொல்லமாட்டார்" என்றாள்,
அப்பாவைப் பற்றி.
நாங்கள் இருவரும் ஆறிய கோதுமைக் கஞ்சியைத் தின்றோம்.
ரோமன் அழுதான். நான் அழவில்லை,
கணக்கு வைத்துக்கொண்டேன்.

பிறகு அந்த ஏப்ரல்.
வடக்கே போகிற ஆறு பனிக்கட்டியை விழுங்கமுடியாமல்
எங்கள் பக்கம் திரும்பிற்று.
மண்கரையை எங்கே போடுவது?
பழைய ரயில்பாதையை ஒட்டிப் போட்டால்
நாற்பத்தொரு வீடு உள்ளே, மூன்று வெளியே.
மூன்றில் ஒன்று பெல்டியருடையது.
ஒன்று காலி.
ஒன்று நாங்கள்.

உன் வீடு சம்பந்தப்பட்டது, வெளியே போய் நிற்கலாம்
என்றார்களாம்.
அவள் போனால் மூன்றுக்கு மூன்று.
உட்கார்ந்தாள்.
கை தூக்கினாள்.

தண்ணீர் ஒன்பது நாள் எங்கள் சமையலறையில் குடியிருந்தது.
பூட்ஸ் போய்விட்டது.
கல்யாணப் போட்டோவில் அப்பாவின் முகம் கரைந்து
அவள் தோளில் வைத்த கை மட்டும் மிச்சம்.
நான் இருபது வயதின் குரல் முழுவதையும் எடுத்துக் கத்தினேன்.
அவள் சேற்றை வழித்துக்கொண்டே சொன்னாள்:
"அது வேறு யார் வீடாகவாவது இருந்திருந்தால்
கை தூக்கியிருப்பேனா என்று பார்த்தேன்.
தூக்கியிருப்பேன்.
அப்புறம் என்ன?"

அப்புறம் என்ன என்பதற்கு
என்னிடம் ஆறு வருஷம் பதில் இல்லை.
ஆறு வருஷமும் கடிதம் மட்டும்தான் போட்டேன்,
அதுவும் சின்னது.

அடக்கத்துக்குப் பெல்டியர் வந்தார்.
அவர் அவளை மன்னிக்கவில்லை, எல்லாருக்கும் தெரியும்.
தொப்பியைக் கழற்றவுமில்லை.
கடைசி மண்வெட்டிவரை நின்றார்.

வீட்டைக் காலிசெய்ய நான் ஒரு வாரம் தங்கினேன்.
அவளுடைய நீலக் கோட்டுப் பையில் பிஸ்கட் தூள்.
மூன்றாம் நாள் அதிகாலை மணி அடித்தது.
யாரோ கிழவர், விஷயம் தெரியாதவர்.
பனி வாரும் வண்டி வரவில்லை,
மனைவிக்கு மூச்சு முட்டுகிறது,
ஆம்புலன்ஸ் மூலையிலேயே சிக்கிக்கிடக்கிறது.

அம்மா இறந்துவிட்டாள் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.
வயர் அடுப்புவரை எட்டிற்று.
பென்சில் அங்கேதான் இருந்தது.

"எந்தத் தெரு?" என்றேன்.