ஊசிப் பதிவேடு

மசேருவில் ஜூலை.
மனு வாங்கும் அறையில் ஹீட்டர் எரிகிறது,
என் காலுக்கு மட்டும்.

நாற்பத்தோராவது டோக்கன், திமகாட்சோ.
போர்வையை மார்பில் குத்தியிருந்த பெரிய ஊக்கைக்
கழற்றாமலேயே உட்கார்ந்தாள்.
ஜீன்ஸ் ஆலை. ஜிப் தைக்கும் வரிசை. பதினோரு வருடம்.
ஒரு திங்கட்கிழமை போனால் கேட்டில் புதுப் பூட்டு,
பூட்டில் விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

"வேலையை விட்ட தேதி?" என்றேன்.
"நான் விடவில்லை" என்றாள்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

கம்பெனி வக்கீலின் கடிதம் அவளுக்கு முன்பே வந்திருந்தது,
நல்ல காகிதம்:
ஒவ்வொரு டிசம்பரிலும் கணக்கு முடித்து
ஒவ்வொரு ஜனவரியிலும் புதிதாகச் சேர்த்தோம்;
ஆகவே மனுதாரர் பணிபுரிந்தது
ஐந்து மாதம் பதினெட்டு நாள்;
பணிக்கொடை என்ற கேள்வியே எழவில்லை.

பதினோரு முறை பிறந்தவள்
என் எதிரே மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

சம்பளச் சீட்டு? தந்ததில்லை.
அடையாள அட்டை? மாலையில் கேட்டிலேயே வாங்கிக்கொள்வார்கள்.
சாட்சி?
ஜன்னலைக் காட்டினாள். வெளியே வரிசை,
எல்லோரும் மனுதாரர்கள்.

பிறகு போர்வைக்குள்ளிருந்து எடுத்தாள்
ஒரு தடித்த நோட்டு.
மெஷின்களை இரவோடிரவாக லாரியில் ஏற்றியபோது
மெக்கானிக் மொஹாபி குப்பையிலிருந்து எடுத்து வைத்ததாம்.
ஊசி உடைந்தால் துண்டுகளைத் தேடிப் பொறுக்கி,
டேப்பில் ஒட்டி, தேதி போட்டு,
கையெழுத்திட்டால்தான் அடுத்த ஊசி.
கடல் தாண்டி ஏதோ ஒரு தொடையில்
முனை குத்திவிடக் கூடாதே.

புரட்டினேன்.
டிசம்பரில் உடைந்த ஊசி.
ஜனவரியில் உடைந்த ஊசி.
அவள் பிறக்காத வருடங்களில் எல்லாம்
அவள் கையெழுத்து,
முதலில் எழுத்தெழுத்தாய், போகப் போக ஒரே கிறுக்கலாய்.
டேப் மஞ்சளித்திருந்தது. துரு பக்கம் தாண்டி ஊறியிருந்தது.

ஒரே ஒரு பக்கத்தில்
இரண்டு துண்டுகள், முனை இல்லை.
சிவப்பு மையில்: கிடைக்கவில்லை. அரைநாள் கூலி பிடித்தம்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
ஆட்காட்டி விரலை மேஜைமேல் வைத்தாள்.
நகத்தடியில் கருநீலப் புள்ளி;
சாயம் என்று நினைத்தேன்.
"இதையும் திருப்பிக் கேட்பார்களா?"

இணைப்புகள் என்ற கட்டத்தில்
நோட்டு, ஒன்று என்று எழுதினேன்.
கமா போட்டுவிட்டுப்
பேனா அங்கேயே நின்றது.
நாற்பத்திரண்டு கதவைத் தட்டியது.