கைப்பிடி

சித்திரையில் கெடாரியை விற்றேன்.
கண்ணபுரம் சந்தையில் முப்பத்தெட்டாயிரம்.
நங்கையாள் மூக்குத்தி எடுக்கச் சொன்னாள்.
ஓசூரிலிருந்து பெரியவன்,
"பேங்க்ல போட்டு வையும்மா" என்றான்.
நான் கொத்தனாரைக் கூப்பிட்டேன்.

படி வேண்டாம், தரையோடு தரையாக இருக்கட்டும்.
உட்காருகிற கோப்பை.
சுவரில், இந்த உசரத்தில், ஒரு எவர்சில்வர் கம்பி.
சென்னியப்பன் ரசமட்டத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்:
"ஆருக்குங்க்கா? ஊட்டுல வயசானவங்க ஒருத்தருமில்லீங்களே."
இன்னும் பதினஞ்சு வருசத்தில் ஒருத்தி வருவாள், சென்னியப்பா.
அவளுக்கு முட்டி மடங்காது.

மாமியார் தெய்வாத்தாள் ஆறு வருசம் கிடந்தாள்.
கொறங்காட்டு வேலியோரத்துக்கு
ராத்திரி ரெண்டு தடவை, விடிகாலை ஒரு தடவை,
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப்போவேன்.
மகராசி என்றது ஊர்.
ஊருக்கு என்ன, சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடும்.

ஒரு மார்கழி ராத்திரி
அவள் மூணு தடவை கூப்பிட்டாள்.
நான் முழித்துத்தான் இருந்தேன்.
நாலாவது தடவை கூப்பிடவில்லை.
விடிந்ததும் நனைந்த சேலையை அலசினேன்.
அவள் என்னைப் பார்க்கவில்லை,
நான் அவளைப் பார்க்கவில்லை.
இதையெல்லாம் கொத்தனாரிடம் எப்படிச் சொல்ல?
"இன்னும் ரெண்டு விரக்கடை கீழே வை" என்றேன்.

என் பசங்க நல்லவர்கள்.
அதில் ஒரு குறையும் சொல்லமாட்டேன்.
தூக்கப்போவது அவர்கள் இல்லையே.

சின்ன மருமகள் பவித்ரா திருப்பூரில்
ஏழரைக்குக் கம்பெனி பஸ் ஏறினால்
திரும்ப ஒன்பதாகும், ஆர்டர் இருந்தால் பத்து.
ஊசி ஏறின கட்டைவிரல் அவளுக்கு.
அந்தக் கையில் கோபம் எங்கிருந்து கிளம்பும் என்று
எனக்குத் தெரியாதா?

நோம்பிக்கு வந்தவள்
உள்ளே போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.
கம்பியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்திருக்கிறாள்.
"கெட்டியாத்தான் இருக்குதுங்க அத்தை. எவ்வளவு ஆச்சு?"
சொன்னேன்.
போனில் படமெடுத்து
பெருந்துறையில் அவள் அம்மாவுக்கு அனுப்பினாள்.

அடுப்பில் பணியாரம் திருப்பிக்கொண்டிருக்கும்போது
பதில் வந்தது. வாசித்துக் காட்டினாள்:
"படி இல்லாட்டித் தண்ணி வெளிய வராதா?"
வராது, வாட்டம் வைத்திருக்கிறது என்று சொல்லு.
சென்னியப்பன் நம்பரும் குடு.

இப்போதைக்கு அந்தக் கம்பியில்
என் துண்டு காய்கிறது.