குழாய்க்கு அந்தப்பக்கம்

டார்ச் வேண்டாம்.
மணலியில் ஆலைக் குழல் எரிகிற இரவுகளில்
சடையங்குப்பம் கழி முழுக்க
செம்மண் கரைத்த வெளிச்சம்.
அதில் சேறு தெரியும்.
சேற்றில் கால் தெரியும்:
பிளந்த குளம்பு முன்னால்,
பின்னால் ரெண்டு பொட்டு.
ஆட்டுக்கு அந்தப் பொட்டு பதியாது.
தண்ணீர் ஊறி நிறைந்திருந்தால் நேற்றையது.
இது இன்னும் ஊறவில்லை.

வலைக்கு முந்திப் போகிறவள் நான்.
தேசிங்கும் அவன் தம்பியும்
மினி லாரியில் தூங்குகிறார்கள்.
வலை உங்களுது, கண்ணு என்னுது
என்று சண்டையில் சொல்வேன்.
மற்ற நேரத்தில் சொல்வதில்லை.

கோரை கிளறிக் கிடக்கிறது,
குடித்தவன் ஏர் ஓட்டினதுபோல்.
கிழங்கைத் தின்று தாளைத் துப்பியிருக்கின்றன.
மின்கம்பத்தில் உராய்ந்த சேறு
கணுக்கால் உயரத்தில் ஒரு வரி,
என் இடுப்புக்கு ஒரு சாண் கீழே இன்னொரு வரி.
கீழே இருப்பது குட்டிகள்.
மேலே இருப்பதைத் தொட்டேன். ஈரம்.
நுனி பிளந்த மயிர் ஒன்று விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

காற்று என் முதுகில்.
என் வாசனை எனக்கு முன்னால் நடக்கிறது.
வேவுக்கு ஆகாத திசை.
உரக் கம்பெனி அமோனியாவைத் திறந்துவிடும்வரை
குந்திக் காத்திருந்தேன்.
திறந்தது.
இனி என் வாசனை அதுக்குப் போகாது,
அதன் வாசனை எனக்கு வராது.
ரெண்டு பேருக்கும் கண் எரியும்.

சேலைக்கு மேல் போட்ட சட்டைப் பையில்
பால் கவருக்குள் ஒரு தாள்.
'உரிமையாளரற்ற பன்றிகளை' என்று தொடங்கி
தலைக்கு இவ்வளவு என்று முடியும்.
நடுவில் எல்லை: கிழக்கே பெரிய குழாய் வரை.
அதற்கு அந்தப்பக்கம் உப்பு இலாகா,
அங்கே பிடித்தால் திருட்டு.
ஆய்வாளர் எத்திராஜ் ரெண்டு தடவை வாசித்துக் காட்டினார்,
பன்றிக்கும் கேட்கட்டும் என்பதுபோல் சத்தமாக.

கேட்டிருக்கும் போல.
தடம் நேரே குழாய்க்குப் போகிறது.
தாங்குகட்டைக்கு அடியில் நுழைந்து
உப்பள வரப்பில் ஏறுகிறது.
கருவேலம் புதருக்குள் படுக்கை:
சம்புத் தாள், சிமெண்ட் சாக்கு,
வேட்பாளர் ஒருவரின் பேனரில் பாதி முகம்.
இரவில் மாநகராட்சி, பகலில் உப்பு இலாகா.
எங்களுக்கு எவரும் இவ்வளவு தெளிவாக
எல்லை போட்டுத் தந்ததில்லை.
பர்மா நகருக்குப் பின்னால் நாங்கள் போட்ட கொட்டகையை
எந்த இலாகா இடித்தது என்பதே
இன்னும் தெரியாது.

மூச்சை வைத்து எண்ண வேண்டும்.
உடம்புகள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும், ஏமாற்றும்.
பதினாலு.
காதுகளில் வெட்டுக்குறி இல்லை.
யாருடையதும் இல்லை.
பெரியவள் ஒரு கண் திறந்தாள்.
ஆலை நெருப்பு அதில் கடுகளவு எரிந்தது.
எழவில்லை அவள்.
நானும் எழவில்லை.
குழாய்க்குள் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது,
கால் மரத்துப்போகிற வரை.

போன வருஷம் கொடுங்கையூர் மேட்டில்
ஒன்று விடாமல் பிடித்தோம்.
கை தட்டினார்கள்.
அப்புறம் ஏழு மாதம்
தேசிங்கு மீன் ஏலத்தில் ஐஸ் உடைத்தான்.

திரும்பி வந்தபோது பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான்.
"எத்தினி?"
"ஒம்போது."
"பெருசு?"
"இல்ல."
என் முகத்தைப் பார்த்தான்.
பிறகு என் கணுக்காலில்
உப்புப் பூத்துக் காய்கிற வெள்ளைச் சேற்றைப் பார்த்தான்.
குழாய்க்கு இந்தப்பக்கம் எல்லாம் கறுப்புச் சேறு.
தம்பியை எழுப்பினான்.
ஒன்பது கயிறு எண்ணி எடுத்து,
மிச்சத்தை
சீட்டுக்கு அடியில் தள்ளினான்.