ஓசி வெயில்

மகபூப்பாளையத்தில் அத்தாவின் கடைக்கு
ஜப்பானிலிருந்து பழைய தையல் மெஷின்கள் வரும்.
பெட்டிக்குள் ஊசிமுனை முட்டாமலிருக்க
கசக்கித் திணித்த காகிதங்கள்.
நைட்டி தைக்கிறவர்களுக்கு மெஷின்.
காகிதம் எனக்கு.

அப்படித்தான் வந்தார்கள் அந்த நாலு பேரும்,
ஏதோ ஒரு ரயிலடி வாசலில் குந்தியபடி.
பள்ளிக்கூட உடுப்புதான்.
ஆனால் பாவாடை இடுப்பில் மூன்று சுருட்டு,
கணுக்காலில் வெள்ளை சாக்ஸ்
பொங்கி வழிந்த இட்லி மாவு.
முடி தேத்தண்ணி நிறம்.
முகமோ
எங்கள் இருளாயி முகம் மாதிரி.

(வருகைப் பதிவில் அந்தப் பெயரில்
புது டீச்சர்கள் ஒரு நொடி நிற்பார்கள்.
பிறகு நிமிர்ந்து அவளைப் பார்ப்பார்கள்,
பொருத்தம் சரிபார்ப்பது போல.)

மதியம், தண்ணித் தொட்டிக்குப் பின்னால்,
ஜெர்லின் திருட்டுப் போனை அந்தப் பக்கத்தின் மேல் பிடித்தாள்.
எழுத்துகள் நெளிந்து நெளிந்து தமிழாயின, பாதி உளறலாக:
'கோடைக்குள் கறுப்பாகு.
விளக்குப் படுக்கை இருபது நிமிடம் மூவாயிரம் யென்.
வெள்ளை உதடு வெற்றி.'

ஆயிரத்து எழுநூறு ரூவாடி, என்றாள் நர்மதா.

இருளாயி வெகுநேரம் பேசவில்லை.
அரசரடி ஸ்டாப்பில் தினமும் அரை மணி நேரம் நிக்கிறேன்,
ஒரு பய காசு கேட்டதில்லையே.
நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்.
நாளைக்கு இவ்வளவு, வருஷத்துக்கு இவ்வளவு,
தேரோட்டத்தன்றைக்கு மட்டும் ஆறு மணி நேரம்,
பெருக்கல் பதினைந்து வருஷம்.
சைபர்கள் மார்ஜினைத் தாண்டி ஓடின.
எனக்கு எத்தனை லட்சம் செலவாயிருக்கு பாருங்கடி.

டவுன்ஹால் ரோட்டில் கால்பந்து சாக்ஸ் நாலு ஜோடி.
ரப்பரைப் பிளேடால் நான் உருவினேன்.
அந்தப் பெண்கள் காலில் ஒட்டத் தனிப் பசை வைத்திருந்தார்களாம்.
எங்களுக்கு ஜெர்லின் அம்மாவின் பார்லரில்
கல்யாணப் பெண்ணுக்கு இமைமுடி ஒட்டும் பசை.
மதுரை வியர்வைக்கு அது
மூன்றாவது பீரியடில் கைவிட்டது.

வெள்ளை உதட்டுக்கு?
இருளாயி பையைத் துழாவி அந்த ட்யூபை எடுத்தாள்.
ஆறே வாரத்தில் சிவப்பழகு என்று
ஆறாம் வகுப்பிலிருந்து அவள் அம்மா வாங்கித் தருவது.
உதட்டில் ஒரு இழுப்பு,
கண்ணுக்குக் கீழே ஒரு கோடு.
மீதி முகத்தை
அப்படியே விட்டாள்.

பிரேயரில் பி.டி. மிஸ் ஸ்கேலோடு வந்தார்.
பாவாடை முட்டிக்குக் கீழே. சரி.
(அதைச் சுருட்ட எங்களுக்குத் தைரியம் வரவில்லை.)
சாக்ஸ் வெள்ளை. சரி.
டயரியை முன்னும் பின்னும் புரட்டினார்,
சுருக்கத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.
இதென்னடி உதட்டுல?
நீங்க போடுற க்ரீம்தான் மிஸ்.

மைதானத்தைச் சுற்றிப் பத்து ரவுண்டு, வெயிலில்.
அதையும் அவள் நோட்டில் ஏற்றிக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஏழாம் வகுப்புப் பொடிசுகள் சாக்ஸை இறக்கிவிட்டன.
பிறகு கே.புதூரில் ஒரு பள்ளிக்கூடம்.
அங்கே அதற்குப் பெயர் 'மாவு'.
ஜப்பானைப் பற்றி யாரும் கேள்விப்படவில்லை.
அந்த நாலு பேருக்கும் இப்போது நாற்பத்தைந்து இருக்கும்,
குந்தினால் முட்டி வலிக்கும்.
எங்கள் பள்ளி டயரியில் புதிதாக விதி பதினெட்டு:
காலுறைகள் சுருங்கியிருக்கக் கூடாது.

பத்தாம் வகுப்பு குரூப் போட்டோ வந்தது.
ஸ்டுடியோக்காரர் எல்லோரையும் ஒரே சுண்ணாம்பில் முக்கியிருந்தார்.
நான் என்னைத் தேடி எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.
இருளாயி மட்டும் சைக்கிளை எடுத்தாள்.
கவுண்டரில் போட்டோவை வைத்தாள்,
பக்கத்தில் அந்த நோட்டை.

அண்ணே, என் கலரைத் திருப்பிப் போட்டுக் கொடுங்க.
ஓசியில வந்ததுதான்.
ஆனா கணக்கு இருக்கு.