இரண்டரை மணி நேரம் கூட்டி

தோட்டத்து மாரியம்மன் கோயில் பலகையில்
சாக்கட்டியால் எழுதியிருந்தது:
கிரகணம் மாலை ஐந்து நாற்பது. நடை சாத்தப்படும்.

அது சென்னைப் பஞ்சாங்கம், அண்ணே,
இரண்டரை மணி நேரம் கூட்டுங்க.
ஐந்து நாற்பதுக்குப் பாகாவில் நிலவே எழும்பியிருக்காது,
பையன்கள் பந்தடித்துக்கொண்டிருப்பார்கள் என்றேன்.
செயலாளர் கோவிந்தராஜு ஈர விரலால் அழித்து
இரவு எட்டு பத்து என்று எழுதினார்.
பார்த்தியாம்மா, நம்ம முன்னோர்
அன்றைக்கே எல்லாம் கண்டுபிடித்துவிட்டார்கள்.
நான் பதில் சொல்லவில்லை.
அவர் கண் என் வயிற்றுக்குப் போய்த் திரும்பியது.
ஏழாம் மாதம்.

செம்பனை ஆலை ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருடம்.
ஒரு சொட்டு கூடினால் குடுவை ரோஜா நிறமாகும்.
அந்தச் சொட்டை நம்பித்தான் கையெழுத்துப் போடுகிறேன்.
போன தடவையும் அதே நம்பிக்கையில்
திடலில் நின்று முழுக் கிரகணமும் பார்த்தேன்.
பதினெட்டாம் நாள் கோலப்பிலா மருத்துவமனையில்
ஒரு துணிப்பொதியைக் கையில் கொடுத்தார்கள்.
தொப்புள்கொடியில் முடிச்சு என்றார் டாக்டர்.
புரிந்தது.
மாமி ஒன்றுமே சொல்லவில்லை.
அந்த ஒன்றுமில்லாததைத்தான்
எந்தக் குடுவையில் ஊற்றியும் அளக்க முடியவில்லை.

அஸ்லிண்டா இன்று சூராவில் கிரகணத் தொழுகைக்குப் போகிறாள்.
கையுறையைக் கழற்றியபடி சொன்னாள்:
அவர்களுடைய நபிக்குப் பிள்ளை இறந்த அன்று
சூரியன் மறைந்ததாம்.
பிள்ளைக்காகத்தான் என்று ஊர் பேச,
எவர் சாவுக்காகவும் அது மறைவதில்லை என்று
அவரே மறுத்தாராம்.
அவள் போன பிறகு
கழுவிய குழாயையே கழுவிக்கொண்டிருந்தேன், ரொம்ப நேரம்.

எட்டு பத்து.
சன்னலைச் சாத்தி உள்ளே உட்கார்ந்திருக்கிறேன்.
சாத்திரம் சொல்லி அல்ல.
மாமி இன்று இரவு தூங்க வேண்டும், அதற்காக.
முழு உண்மை அதுவும் இல்லை.

குணாளன் வெளியே நின்று
பலகை இடுக்கு வழியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்:
கால்வாசி போச்சு.
பாதி.
வெகுநேரம் கழித்து,
முழுசும் போச்சு, ஆனா இருக்கு,
நம்ம கச்சா எண்ணெய்க் கலரு.

பாம்பு இல்லை.
அது நம் நிழல்தான்.
ஆலைப் புகைபோக்கி, சூராவின் ஒலிபெருக்கி,
பூட்டிய கோயில், பூட்டுச் சாவி வைத்திருக்கும் கோவிந்தராஜு,
குணாளன் நீட்டிய விரல்,
விழித்தே படுத்திருக்கும் மாமி
எல்லாரையும் சுமக்கிற உருண்டையின் நிழல்.

உள்ளே ஓர் உதை.
இதுவும் ஓர் உருண்டையின் இருட்டில்தான் இருக்கிறது.
நிலவை விடுவிக்கும் நேரம் பதினொன்று முப்பத்தெட்டு,
கைப்பேசி சொல்கிறது,
கூட்டிப் பார்த்தால் பஞ்சாங்கமும்.
இதற்கு ஜூலை பத்தொன்பது,
அட்டையில் டாக்டர் எழுதிய தேதி.

தாயே,
இரண்டு கணக்கும் தப்பாமல் பார்த்துக்கொள்.